கோழிக் குழம்புதான் கேட்டேன்: இறால் ஆகாதவர்கள் மலேசியாவில் சாப்பிடப் போகும் முன்

எனக்கு இறால் ஆகாது. சின்ன வயதில் தொண்டியில் ஓர் உறவுக்காரர் வீட்டு விருந்தில் இறால் வறுவல் சாப்பிட்டு, உதடும் கண் இமையும் வீங்கி, மூச்சு இழுத்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றோடு இறாலும் நண்டும் எங்கள் வீட்டுச் சமையலறையை விட்டுப் போய்விட்டன. திருச்சியில் இருக்கிற வரைக்கும் இது ஒரு பெரிய விஷயமாகவே இருந்ததில்லை. நம் ஊரில் இறால் போட்டுச் சமைத்தால் அது இறால் தொக்கு, இறால் பிரியாணி என்று பெயரிலேயே வந்துவிடும். தட்டில் கண்ணுக்கும் தெரியும். வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது. மலேசியாவில் அப்படி இல்லை. அங்கே பாதிச் சமையலில் இறால் உப்பு மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கரைந்து கிடக்கிறது. இதை யாராவது கிளம்புவதற்கு முன்னால் எனக்குச் சொல்லியிருந்தால் பினாங்கில் ஓர் இரவும், நாற்பதாயிரம் ரூபாயும் போயிருக்காது. என் மாதிரி ஒவ்வாமை இருப்பவர்கள், அல்லது அப்படிப்பட்ட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் யாராவது படிப்பார்கள் என்றுதான் நீட்டி எழுதுகிறேன்.

நான் போனது அலுவலக வேலையாக. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் பயணம் சுலபம். வேலை நடந்த நாட்களில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம். வாழையிலைச் சாப்பாடு, ரசம், அப்பளம், கேட்டால் கோழி வறுவல். பரிமாறுகிறவர்களுக்குத் தமிழ் தெரியும், சமைக்கிறவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் முடிந்தது. காலையில் ஓட்டலுக்கு எதிரே தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற, மாமாக் கடை என்று சொல்லப்படுகிற ஓர் உணவகத்தில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் பருப்பும், கூடவே தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீர். அந்தக் கடையில் வேலை பார்த்த தம்பிக்கு ராமநாதபுரம் பக்கம். எனக்கு இறால் ஆகாது என்று சொன்னதும், "அப்ப மதியம் நாசி கண்டார் சாப்பிட வந்தீங்கன்னா குழம்பு கலந்து ஊத்தச் சொல்லாதீங்கக்கா. எல்லாச் சட்டிக்கும் ஒரே கரண்டிதான் சுத்தி வரும்" என்றான். மலேசியச் சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான எச்சரிக்கை அதுதான்.

அவன் சொன்னதை விளக்கிவிடுகிறேன். நாசி கண்டார் என்பது பினாங்கில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடித் தடியில் சோறும் குழம்பும் தூக்கிக்கொண்டு போய் விற்றதிலிருந்து வந்தது. இப்போது கடைகளில் வரிசையாகச் சட்டிகள் இருக்கும். கோழி, ஆடு, மீன் தலை, மீன் முட்டை, கணவாய், பெரிய இறால் என்று ஒவ்வொன்றிலும் ஒரு குழம்பு. சோற்றின் மேல் இந்தச் சட்டியிலிருந்து கொஞ்சம், அந்தச் சட்டியிலிருந்து கொஞ்சம் என்று ஊற்றிக் கலப்பதில்தான் அதன் ருசியே இருக்கிறது. குவா சம்பூர் என்பார்கள். சோறு மிதக்கிற அளவுக்கு ஊற்றினால் பஞ்சிர். இறால் சட்டிக்குள் போன கரண்டி அடுத்த நொடி கோழிச் சட்டிக்குள் போகும். கேட்டது கோழிக் குழம்பாக இருந்தாலும் தட்டுக்கு வருவது கலவைதான். ஒவ்வாமை கடுமையாக இருப்பவர்கள் இதை விட்டுவிடுவதே நல்லது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அந்த வாசனை அப்படி.

வேலை முடிந்த வார இறுதியில் தனியாகப் பினாங்கு போனேன். கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயிலைப் பிடித்தால் சுமார் நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த். அங்கிருந்து படகில் ஜார்ஜ் டவுன். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய நகரம். பழைய கடைவீடுகள், ஐந்தடிப் பாதைகள், லிட்டில் இந்தியாவில் மல்லிகைப்பூ, பக்கத்துத் தெருவில் சீனக் கோயில் ஊதுபத்தி என்று நடப்பதற்கு அருமையான இடம். ஆனால் சாப்பாட்டு நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில் எனக்கு என்ன சாப்பிடுவது என்பது பெரிய கேள்வி. தெருக்கடைகளில் சார் குவே தியாவ் என்கிற வறுத்த அரிசி நூடுல்ஸில் இறால் கண்ணுக்கே தெரிகிறது. அதை வறுக்கிற வாணலியில்தான் அடுத்தவருக்கும் வறுக்கிறார்கள். பினாங்கு ஹொக்கியன் மீ என்கிற நூடுல்ஸ் சூப்பின் சாறே இறால் ஓட்டையும் தலையையும் கொதிக்க வைத்து எடுப்பது. எனவே முதல் நாள் மதியம் பரோட்டாவும் பருப்பும், மாலையில் தேங்காய்ப் பாலும் ஐஸும் போட்ட செண்டோல் இனிப்பும் சாப்பிட்டு ஒப்பேற்றினேன். ராத்திரிக்காவது ஒழுங்கான உணவகத்தில் உட்கார்ந்து, கேட்டு, விசாரித்துச் சாப்பிடலாம் என்று ஒரு ஞோஞா உணவகத்துக்குப் போனேன். சீனச் சமையலும் மலாய்ச் சமையலும் கலந்து உருவான பெரனாக்கான் எனப்படும் சீன வம்சாவளியினரின் வீட்டுச் சமையல்தான் ஞோஞா சமையல். மரச் செதுக்கல் நாற்காலிகள், பூப்போட்ட தரை ஓடு, மேசைக்கு மேசை விளக்கு என்று கடை பார்க்க நன்றாக இருந்தது. பெயர் வேண்டாம். அந்த ஊரில் எந்தக் கடையிலும் இதுவே நடந்திருக்கும்.

பரிமாற வந்த பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன்: எனக்கு இறால் ஒவ்வாமை, சாப்பிட்டால் ஆஸ்பத்திரிதான். அவள் தலையாட்டி, சமையலறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, "காரி கப்பித்தான் சாப்பிடுங்கள், கோழி மட்டும்தான், இறால் இல்லை" என்றாள். தட்டு வந்தது. கெட்டியான, மஞ்சளும் சிவப்பும் கலந்த குழம்பு, நம் வீட்டுக் கோழிக் குழம்புக்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்லலாம். மேலே நாரத்தை வாசம் அடிக்கிற இலையைப் பொடியாக நறுக்கித் தூவியிருந்தார்கள். கரண்டியால் கிளறிப் பார்த்தேன். கோழி, வெங்காயம், மசாலா. இறால் துண்டு ஒன்றுகூட இல்லை. கூட வெள்ளைச் சோறு, ஒரு காய்கறி, ஜாதிக்காய் ஜூஸ். பினாங்கில் ஜாதிக்காய் ஜூஸ் விசேஷம், குடித்துப் பாருங்கள்.

பாதிச் சாப்பாட்டில் உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது. மிளகாய்க் காரம் என்று நினைப்பதற்குள் காதுக்கு உள்ளே அரிப்பு. அப்புறம் தொண்டையில் ஏதோ அடைத்த உணர்வு. தண்ணீர் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் குரல் கம்மிப் போயிருந்தது. அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடியது பயமில்லை, வெட்கம்தான். முன்பின் தெரியாத ஊரில், நன்றாக உடுத்தி உட்கார்ந்திருக்கிறவர்கள் நடுவில் ரகளை பண்ணக் கூடாது, எழுந்து கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டால் சரியாகிவிடும் என்று கால் தானாக எழப் பார்த்தது. இதை மட்டும் செய்யவே கூடாது என்று எங்கள் டாக்டர் பல வருடங்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே மயங்கி விழுந்தால் யாருக்கும் தெரியாது. எழுந்து நிற்பதே ஆபத்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். அதனால் உட்கார்ந்த இடத்திலேயே பையிலிருந்த செட்ரிசின் மாத்திரையை விழுங்கிவிட்டு, கரண்டியால் தட்டில் தட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என் அதிர்ஷ்டம், அது ஒரு தமிழ்க் குடும்பம். அந்த அம்மா எழுந்து வந்து, "என்னம்மா, முகம் பூரா சிவந்திருச்சே?" என்றார். "அக்கா, இறால் அலர்ஜி, மூச்சு முட்டுது" என்று சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது. மலேசியாவில் அவசர எண் 999. கடைக்காரர் போனை எடுத்தார். ஆனால் மருத்துவமனை பக்கத்தில்தான் என்பதால் அக்காவின் கணவர், "வண்டி வாசல்லயே நிக்குது, வாங்க" என்று சொல்லி, என்னைப் பின் சீட்டில் படுக்க வைத்து ஓட்டினார். மருத்துவமனை எங்கே என்று தெரியாத ஊரில் தனியாக இருந்தால் 999தான் சரி. வாடகைக் காரைக் கூப்பிட்டுக்கொண்டு வாசலில் நிற்க வேண்டாம். தங்கும் இடத்துக்கு அருகில் அவசரப் பிரிவு எது என்று வரைபடத்தில் முன்பே குறித்து வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வாமை மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். மூச்சு அடைக்கிறது, குரல் மாறுகிறது, தலை சுற்றுகிறது என்றால் மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான், தொடைத் தசையில் போடுவார்கள். மாத்திரை போட்டாயிற்றே, கொஞ்சம் பார்க்கலாம் என்று காத்திருப்பதில்தான் உயிர் போகிறது. எனக்கும் உள்ளே போனவுடன் முதலில் அதைத்தான் போட்டார்கள். போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது, ஆனால் சில நிமிடங்களில் தொண்டை திறந்தது. அந்த முதல் முழு மூச்சை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அக்கா குடும்பத்துக்கு வீடு தீவுக்கு வெளியே. பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். நான்தான் அவர்களைக் கட்டாயப்படுத்தி அனுப்பினேன். அதற்கப்புறம் விடியும் வரை நான் தனிதான். நான் தேறியவுடன் வந்து நின்றது முன்பணக் கேள்வி. அது தனியார் மருத்துவமனை. ஊசி போடும் வரை யாரும் காசு கேட்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் இரவு கண்காணிப்பில் வைக்க 1,500 ரிங்கிட் முன்பணம் கட்டச் சொன்னார்கள். ஃபாரெக்ஸ் கார்டில் அறுநூற்றுச் சொச்சம்தான் இருந்தது. மிச்சத்துக்குக் கிரெடிட் கார்டு. ஊரிலிருந்து கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்திருந்ததால் பிழைத்தேன். நம் ஊர் கார்டுகளில் அது தானாகத் திறந்திருக்காது, நாம்தான் திறக்க வேண்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையில் ஊசிக் குழாயோடு, கார்டின் இரகசிய எண்ணைத் தட்டுவது கொஞ்சமும் மறக்க முடியாத அனுபவம். அரசு மருத்துவமனை என்றால் செலவு குறையும். ஜார்ஜ் டவுனிலேயே பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் உள்ளூர்க்காரர்களைவிட அதிகம் என்றாலும் தனியாரை எட்டாது. ஆனால் மூச்சு அடைக்கிற நேரத்தில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதுதான், இதில் கணக்குப் பார்க்க முடியாது.

ஊசி போட்டுச் சரியாகிவிட்டது, ஓட்டலுக்குப் போய்ப் படுக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். டாக்டர் ஒப்பவில்லை. ஒவ்வாமை சில பேருக்குச் சில மணி நேரம் கழித்து, எதையும் சாப்பிடாமலேயே, இரண்டாவது தடவை கிளம்புமாம். ஓட்டல் அறையில் தனியாகப் படுத்திருக்கும்போது அது வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பதில் இல்லை. விடிய விடிய கருவியின் பீப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். வீட்டுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரே யோசனை. அம்மாவுக்குச் சொன்னால் அவர் தூங்க மாட்டார், இங்கே வரவும் முடியாது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த ராத்திரி எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கேட்டுத்தானே சாப்பிட்டேன், அந்தப் பெண் ஏன் பொய் சொன்னாள் என்று.

காலையில் பில் 2,140 ரிங்கிட். ஒரு ரிங்கிட் ஏறக்குறைய 19 ரூபாய் இருந்த நேரம். நாற்பதாயிரத்துக்கு மேல். கோலாலம்பூருக்குத் திரும்ப வைத்திருந்த ரயில் டிக்கெட்டும் அன்றைய ஓட்டல் முன்பதிவும் வீண். ஆனால் எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. முந்தின நாள் சாப்பாட்டுக்கு நான் காசே கொடுக்கவில்லை. எனவே மதியம் அந்த உணவகத்துக்குப் போனேன். காசு கொடுக்கவும் வேண்டும், நாலு கேள்வி கேட்கவும் வேண்டும்.

மேலாளர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். காசு வேண்டாம் என்றார், நான் விடவில்லை. 62 ரிங்கிட்டுக்குச் சாப்பிட்டது பில்லில் 71.92 ஆகியிருந்தது. இதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்: பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரட்டைக் கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் 6 சதவீதம் சேவை வரியும் தனி. அப்புறம் சமையல்காரரைக் கூப்பிட்டார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே வந்த ஒரு பாட்டி. கோழிக் குழம்பில் என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டேன். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, எலுமிச்சைப் புல், சித்தரத்தை இனத்துக் கிழங்கு, மஞ்சள், ஒரு கொட்டை, தேங்காய்ப் பால் என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவர் கடைசியில் "பெலாச்சான்" என்றார். அது என்ன என்று கேட்டதற்கு உள்ளே போய் எடுத்து வந்தார். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன், அவர் நாலடி தள்ளி நின்று காட்டினார்.

பழுப்பு நிறத் தாளில் சுற்றிய ஒரு கட்டி, சோப்புக் கட்டி அளவு. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். ஒரு மூலையில் கத்தியால் சீவி எடுத்த தடம். அத்தனை தூரத்திலும் கருவாட்டு வாடை மூக்கில் ஏறியது. அவர் அதைத் தீயில் வாட்டி மசாலாவோடு சேர்த்து அரைப்பாராம், ஒரு சட்டிக் குழம்புக்குக் கட்டை விரல் நுனி அளவு. எதில் செய்கிறார்கள் என்று கேட்டேன். கெராகாவ் என்றார். கைபேசியில் படம் தேடிக் காட்டினார். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நம் கடற்கரை ஊர்ச் சந்தைகளில் சென்னாக்கூனி என்று படியில் அளந்து விற்கிறார்களே, அதே இனத்துப் பொடி இறால். அதை உப்புப் போட்டு, வெயிலில் காயவைத்து, இடித்து, புளிக்கவிட்டுக் கட்டியாக்கினால் பெலாச்சான்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. இறால் இருக்கிறதா என்று கேட்டாள், இறால் போடவில்லை என்று பாட்டி சொன்னார். இரண்டு பேருக்கும் அது உண்மை. நம் வீட்டில் சாம்பாரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெருங்காயத்தையா முதலில் சொல்வோம்? காலம் காலமாக எல்லாவற்றிலும் போடுகிற ஒன்றை யாரும் தனிப் பொருளாக நினைப்பதில்லை. எனக்கு இருந்த கோபம் அங்கேயே வடிந்துவிட்டது. ஆனால் இறால் ஒவ்வாமையைக் கிளப்புகிற புரதம் சமைத்தாலும் அழியாது. பெலாச்சானைப் புளிக்க வைத்தாலும், தீயில் வாட்டினாலும், நம்பிச் சாப்பிட முடியாது.

பாட்டியிடமும் அதன்பின் கே.எல். நண்பர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சம்பால் என்கிற மிளகாய் விழுது எதைப் பார்த்தாலும் பெலாச்சான் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைக்கிற சம்பால் பெலாச்சானில் பெயரிலேயே இருக்கிறது, அதனால் ஒதுக்கிவிடலாம். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் சம்பாலில் நெத்திலி கண்ணுக்குத் தெரியும், பெலாச்சான் தெரியாது. கீரை சாப்பிட்டுப் பிழைக்கலாம் என்று நினைத்தால் கங்கோங் கீரையையே பெலாச்சான் போட்டுத்தான் வதக்குகிறார்கள். காய்கறிப் பொரியலில் காய்ந்த இறாலைத் தட்டிப் போடுவதும் உண்டு. பினாங்கு அசாம் லக்சா என்கிற புளிப்பு நூடுல்ஸில் ஐலை வகை மீன்தான் சாறு, ஆனால் மேலே ஒரு கரண்டி கருப்பாக, தேன் பதத்தில் ஊற்றுவார்கள், அது ஹே கோ என்கிற இறால் விழுது. பழ ரோஜாக் என்று அன்னாசியும் வெள்ளரியும் நறுக்கித் தருவதைப் பழம்தானே என்று சாப்பிட்டுவிடாதீர்கள், அதன் மேல் கருப்பாகப் பூசியிருப்பதும் அதேதான். இவை போக எண்ணெய். இறால் வடையும் கெரோப்போக் என்கிற இறால் அப்பளமும் பொரித்த சட்டியில்தான் உங்கள் உருளைக்கிழங்கும் பொரியும்.

பலகைகளை நம்ப வேண்டாம். ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை, மது இல்லை என்பது நிச்சயம். ஆனால் இறால் ஹலால்தான், அந்த முத்திரை நமக்கு எதையும் சொல்லாது. "சாயூர்" என்றால் காய்கறி, அதனால் சைவம் என்று ஆகிவிடாது. சைவக்காரர்களும் இதில் மாட்டுகிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது. உயிர் போகாது, மனசு போய்விடும்.

இப்போது நான் கேட்கிற விதமே மாறிவிட்டது. இறால் இருக்கிறதா என்று கேட்பதில்லை. ஒரு சீட்டில் மலாயில் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன், ஒரு நண்பர் எழுதிக் கொடுத்தது. "சாயா ஆலா உடாங். தாக் போலே மாக்கான் உடாங், உடாங் கெரிங், பெலாச்சான், ஹே கோ." எனக்கு இறால் ஒவ்வாமை, இறாலும் காய்ந்த இறாலும் பெலாச்சானும் ஹே கோவும் சாப்பிட முடியாது என்று அர்த்தம். அடியில் ஒரு வரி, சாப்பிட்டால் மூச்சு நின்றுவிடும் என்று. இதைப் பரிமாறுகிறவரிடம் காட்டிவிட்டு விடுவதில்லை. சமையலறைக்குக் கொண்டுபோய்ச் சமைக்கிறவரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறேன். பதில் எப்படி வருகிறது என்றும் பார்க்கிறேன். உடனே "போலே, போலே" (முடியும், முடியும்) என்று சிரித்துக்கொண்டு சொன்னால் நம்பிக்கை வராது. உள்ளே போய் நேரம் எடுத்து, "இதை மட்டும் செய்து தர முடியும், அது முடியாது" என்று சொல்கிற கடையில் உட்காருவேன். கூட்ட நேரத்தில் போவதில்லை, பன்னிரண்டு மணிக்கு முன்னால் போனால் சமையல்காரருக்குப் பேச நேரம் இருக்கும். தனியாகச் சாப்பிடும்போது கல்லாவுக்குப் பக்கத்து மேசை கேட்டு வாங்குகிறேன், எனக்கு ஏதாவது ஆனால் யார் கண்ணிலாவது பட வேண்டும்.

பயந்து அறையிலேயே பிஸ்கட் தின்றுகொண்டு கிடக்கவும் தேவையில்லை. கோப்பித்தியாம் என்கிற காப்பிக் கடையில் காயா என்கிற தேங்காய்-முட்டை ஜாம் தடவிய ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் கோப்பியும் எனக்கு ஒத்துக்கொண்டன. வாழையிலைக் கடைகளில் தமிழில் விளக்கிச் சொல்ல முடிகிறது. எல்லாவற்றையும்விட எனக்குக் கை கொடுத்தவை சீனச் சைவக் கடைகள். பௌத்தர்கள் நடத்துகிற இந்தக் கடைகளில் பூண்டு வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை, மீனும் இறாலும் சமையலறைக்குள்ளேயே வராது. மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் அப்படி ஒரு கடையில் சோறும் கலவைக் காய்களும் எடுத்தேன். தட்டில் பார்த்தால் வளைந்து, முதுகில் ஆரஞ்சுக் கோடு போட்ட இறால்! நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். கடைக்கார அம்மா ஓடிவந்து, ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிக் காட்டிச் சிரித்தார். கிழங்கு மாவில் செய்த போலி இறால். நான் சாப்பிடவில்லை, ஆனால் மிச்சத்தைத் தைரியமாகச் சாப்பிட்டேன். அந்தக் கடையில் பெலாச்சான் சம்பாலைக்கூட இறால் இல்லாமல் செய்து வைத்திருக்கிறார்கள்.

காப்பீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பல பேர் இங்கேதான் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். அலுவலகம் பயணக் காப்பீடு எடுத்திருந்தது. மருத்துவமனையில் இருக்கும்போதே, கை நடுங்கினாலும், அந்த அட்டையில் இருக்கிற உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லி, பதிவு எண் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்றால் ஏன் தாமதம் என்பதே முதல் கேள்வியாக வரும். டிஸ்சார்ஜ் சுருக்கம், வகை வாரியாகப் பிரித்த பில், பணம் கட்டிய ரசீது, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட அறிக்கை, பாஸ்போர்ட்டில் வந்து போன முத்திரைப் பக்கம், இத்தனையும் கேட்டார்கள். எனக்கு வகை பிரித்த பில் இல்லை. அதை மின்னஞ்சலில் வரவழைக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று, அங்கேயே கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் கொடுத்திருப்பார்கள். ஏற்கெனவே இருந்த நோயா என்ற கேள்வியும் வந்தது. அலுவலகம் பாலிசி எடுத்தபோது படிவத்தில் ஒவ்வாமையைக் குறித்திருந்ததால் அதைத் தாண்டினேன். படிவத்தில் அதற்கென்று இடம் இல்லாவிட்டாலும் மின்னஞ்சலில் எழுதிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் 100 டாலர் நம் கணக்கு என்று பாலிசியில் இருந்தது, பெரும்பாலான பயணப் பாலிசிகளில் இப்படி ஒரு வரி இருக்கும். அது போக, கையுறை, பதிவுக் கட்டணம் என்று சிலதைக் கழித்து, மாதங்கள் கழித்துக் கையில் வந்தது 29 ஆயிரத்துச் சொச்சம். ரயிலுக்கும் ஓட்டலுக்கும் ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்ததும் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்தேன். தானாகவே குத்திக்கொள்கிற அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை என்றார். வரவழைக்க என்ன வழி, அதுவரை என்ன செய்வது, எப்போது ஊசி, எப்போது மாத்திரை என்று ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விமானத்தில் ஊசி மருந்தைக் கைப்பையில் கொண்டுபோகவும் அந்தக் கடிதம் வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், பெட்டி வேறு ஊருக்குப் போவது உண்டு. அடுத்த முறை பினாங்கு போகும்போது அக்கா வீட்டில் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார்கள். சமையலறையிலிருந்து பெலாச்சானை அன்றைக்கு மட்டும் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பதாக வாக்கு.